போல்பூருக்கு அப்பால் பத்தொன்பது நிமிடங்கள்

வேக ரயிலில் போகிறவர்களின் கைபேசியில் படம் நிற்காமல் ஓட வேண்டும். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆறு ஆண்டுகள் நான் செய்த வேலையை இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதே வேலைக்கு இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். உங்கள் பயிற்சிக் கையேட்டில் சேர்க்க, நாங்கள் ஜெயித்த கதையாக ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். இரண்டு முறையும் பேனா ஒரே நாளில் போய் நின்றுவிட்டது. அதனால் அந்த நாளை மட்டும் எழுதுகிறேன். கையேட்டில் சேர்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. சேர்க்காவிட்டாலும் உங்களில் யாராவது ஒருவர் கையில் இது கிடைத்தால் போதும்.

என் அப்பா கும்பகோணத்திலிருந்து வங்காளத்துக்கு மாற்றலாகி, இங்குள்ள கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்துக்கு வந்த குமாஸ்தா. நான் இங்கேயே குவார்ட்டர்ஸில் வளர்ந்து, இங்கேயே படித்து, தொலைபேசிக் கம்பியில் தொடங்கிக் கம்பியில்லாத காலம்வரை வேலை பார்த்தேன். டாக்குரியாவில் வீடு. சால்ட் லேக் அலுவலகத்தில் எல்லோருக்கும் நான் வங்காள வழக்கப்படி தீதி. கோமதிக்கு மட்டும் அக்கா.

கோமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பவானிபூரில் மளிகைக் கடை போட்டவர். காப்பிப் பொடி, அப்பளம், புளி, இட்லி அரிசி என்று நம் ஊர்ச் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். நான் அந்தக் கடைக்குப் பல வருடங்களாகப் போய்க்கொண்டிருந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கணக்குப் பாடம் படித்துக்கொண்டிருந்த பெண், ஒரு நாள் எங்கள் அலுவலகத்தில் நேர்முகத் தேர்வுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். சிபாரிசுக்கு அவசியமே இல்லை. அன்று வந்தவர்களில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கக்கூட ஆள் இல்லை. தமிழை விட வங்காளம் அவளுக்கு நன்றாக வரும். கோபம் வந்தால் வங்காளத்தில் திட்டுவாள். என்னிடம் மட்டும் எப்போதும் தமிழில்தான் பேசுவாள். அதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

எங்களுக்கு இருந்த சிக்கல் உங்களுக்கும் தெரிந்ததுதான். வேக ரயிலின் பெட்டி முழுக்க இரும்பு, கண்ணாடிக்கு மேல் வெயிலைத் தடுக்கும் பூச்சு. உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கைபேசிக்கு வெளியிலிருந்து சிக்னல் சரியாக வராது. கூரைமேல் இருக்கும் ஆண்டெனா வாங்கித் தருவதுதான் எல்லோருக்கும் சோறு. வண்டி போகிற வேகத்தில் ஒரு டவரைப் பிடித்து முடிப்பதற்குள் அடுத்த டவர் வந்துவிடும். சில இடங்களில் டவரே இருக்காது. ஹவுராவிலிருந்து வடக்கே போகிற பாதையில் போல்பூரைத் தாண்டினால் ராம்பூர்ஹாட் வரைக்கும் வெறும் வயல்கள். அங்கே படம் நின்றுவிடும். திரையின் நடுவில் வட்டம் சுற்றும். புகார் குவியும். எங்களுக்கு வேலை கொடுத்த நிறுவனம் எங்களை அளந்தது ஒரே ஒரு கணக்கை வைத்துத்தான்: ஒரு பயணத்தில் படம் எத்தனை முறை நின்றது?

அதற்கு வழி கண்டுபிடித்தது கோமதி. எந்த இடத்தில் சிக்னல் போகும் என்பது பழைய பயணங்களிலிருந்து நமக்கு முன்கூட்டியே தெரியும். அந்த இடம் வருவதற்குச் சற்று முன்பே, கிடைக்கிற இணைப்பை முழுக்கப் படங்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு கைபேசியும் வரப்போகும் சில நிமிடங்களுக்கான படத்தை இறக்கி வைத்துக்கொள்ளும். சிக்னல் போனாலும் படம் ஓடும். மற்றதெல்லாம் அந்த நேரத்தில் வரிசையில் நிற்கும். நாங்கள் இதை நிரப்பு விதி என்று சொன்னோம்.

முதல் சோதனையிலேயே வேலை செய்தது. அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். கோமதி மட்டும் தட்டவில்லை.

"அக்கா, படம் பாக்கிறவங்களுக்குச் சரி. வீடியோ கால் பேசறவங்க? அதை முன்னாடியே இறக்கி வைக்க முடியாதே. பேசப் போறதை யாரு முன்னாடியே பேசி வைப்பாங்க?"

"டவர் இல்லாத இடத்துல எப்படியும் கட் ஆகத்தான் போகுது. ரெண்டு நிமிஷம் முன்னாடி கட் ஆனா என்ன?" என்றேன்.

"ரெண்டு நிமிஷம் இல்லக்கா. போல்பூருக்கு அப்புறம் சிக்னல் இல்லாத ஒரு ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் நடுவுல இடமே இல்ல. விதி தொடர்ந்து பிடிச்சுக்கிட்டே இருக்கும். அந்த முழுத் தூரமும் யாரும் பேசவே முடியாது. இப்போ விட்டு விட்டாவது பேசிக்கிறாங்க."

"கோமதி, ரயில்ல ஏறினவங்க தூங்குவாங்க, இல்ல படம் பாப்பாங்க. புகார் எல்லாம் படத்தப் பத்தித்தான் வருது. கால் கட் ஆச்சுன்னு ஒரு புகாராவது வந்திருக்கா?"

"டீக் ஆச்சே அக்கா," என்றாள். சரி என்று அர்த்தம். ஆனாலும் சும்மா இருக்கவில்லை. குறிப்பிட்ட ஒரு கைபேசிக்கு மட்டும் விதியிலிருந்து விலக்குக் கொடுக்கும் ஒரு வசதியை எழுதிச் சேர்த்தாள். அது கட்டுப்பாட்டு அறையிலிருந்து, என் அனுமதியோடு மட்டும் இயங்கும். அவசரம் என்று யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்பது அவள் எண்ணம். நானும் கையெழுத்துப் போட்டேன். இப்படி ஒரு வசதி இருப்பது பயணிகளுக்கு எப்படித் தெரியும் என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கால் கட் ஆனதற்குப் புகார் ஏன் வரவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. படம் நின்றால் மனிதர்களுக்குக் கோபம் வருகிறது. பேச்சு அறுந்தால் எதிரில் இருப்பவருக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலைதான் வருகிறது. கவலைப்படுகிறவன் புகார் எழுதுவதில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருப்பான்.

இறுதிச் சோதனைக்கு நாள் குறித்தார்கள். நிபந்தனை கடுமையானது. ஹவுராவிலிருந்து கடைசி நிலையம் வரைக்கும் மனிதக் கை எதுவும் படக் கூடாது. பட்டால் அது பதிவாகும், பதிவானால் சோதனை தோல்வி. தோற்றால் எங்கள் குழுவைக் கலைப்பதாக மேலிடத்தில் பேச்சு. குழுவில் இருந்த பலருக்கு அது முதல் வேலை. ஒருவனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். இதையெல்லாம் எனக்குச் சாக்காகச் சொல்லவில்லை. அன்று காலை என் தலைக்குள் இதுதான் ஓடியது என்பதற்காகச் சொல்கிறேன்.

சோதனைக்கு நான்கு நாள் முன்பு கோமதியின் அப்பா ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். இருதயக் கோளாறு, நுரையீரலில் நீர். முந்தைய நாள் மாலை பார்க்கப் போனேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தாலும் பேச்சில் குறைவில்லை.

"வாங்கம்மா. நாளைக்கு இவ ரயில்ல போணுமாமே? படம் பாக்கதுக்கா இம்புட்டுப் பாடு?"

"ஆமாங்க. படம் நிக்காம ஓடணுமாம்."

"நான் முதமுத இந்த ஊருக்கு வரும்போது ரெண்டு நாளு சன்னலத்தான் பாத்துட்டு வந்தேன். அது நிக்கவே இல்ல," என்று சொல்லிச் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. கோமதியின் அம்மா முதுகைத் தடவிக் கொடுத்தார்.

வெளி நடையில் கோமதி என்னிடம் கேட்டாள். "அக்கா, நாளைக்கு எனக்குப் பதிலா வேற யாராவது போகலாமா?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஸ்டேபிள்னுதான் சொன்னார். ஆனா எனக்கு மனசு சரியில்ல."

ரயில் பெட்டிக்குள் விதியை நடத்தும் எங்கள் கருவியில் ஏதாவது கோளாறு வந்தால் புரிந்துகொள்ள அவளைத் தவிர யாரும் இல்லை. குறைந்தபட்சம் நான் அப்படி நம்பினேன். "ஒரே நாள்தானே கோமதி. போயிட்டுச் சாயங்கால வண்டியில திரும்பிடலாம். ஏதாவதுன்னா நான் இங்க இருக்கேன்," என்றேன்.

நான் இங்கே இருக்கிறேன் என்று சொன்னதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்பதை நான் அதற்குப் பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன்.

மறுநாள் காலை ஹவுராவிலிருந்து வண்டி நேரத்துக்குக் கிளம்பியது. கட்டுப்பாட்டு அறையில் பெரிய திரை. அதில் பெட்டி பெட்டியாகப் புள்ளிகள். படம் ஓடும் கைபேசி பச்சை, நின்றால் சிவப்பு. என் பின்னால் எங்கள் மேலாளர் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர், வங்காளி, என்னை விடப் பத்து வயது இளையவர். சோதனைக்காரர்கள் இருவர் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டி வர்த்தமானைத் தாண்டியது. எல்லாம் பச்சை. போல்பூரில் நின்று கிளம்பியது. நிரப்பு விதி விழித்துக்கொண்டது. திரை இன்னும் பச்சையாகவே இருந்தது. மேலாளர் என் தோளை லேசாகத் தட்டினார்.

அப்போதுதான் கோமதியிடமிருந்து செய்தி வந்தது. எழுத்து வடிவச் செய்திகள் சின்னவை என்பதால் எப்படியோ நழுவி வந்துவிடும்.

"அக்கா, அப்பாவை ஐசியுவுக்கு மாத்தப் போறாங்களாம். அம்மா வீடியோ கால்ல கூப்பிட்டாங்க. மூஞ்சி தெரிஞ்சுது, அப்படியே நின்னு போச்சு. என் போனுக்கு விலக்குக் குடுங்க."

நான் விலக்குப் பக்கத்தைத் திறந்தேன். அவளுடைய கைபேசி எண்ணைத் தட்டினேன். கீழே உறுதி செய்யும் பொத்தான் வந்தது. மேலாளர் குனிந்து பார்த்தார்.

"தீதி, என்ன பண்றீங்க?" என்றார் வங்காளத்தில், சோதனைக்காரர்களுக்குக் கேட்காதபடி.

சொன்னேன்.

அவர் முகம் மாறியது. உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "இன்னும் இருபது நிமிஷத்துல ராம்பூர்ஹாட் வந்துடும். அங்க தானாகவே சரியாயிடும் இல்லையா? இப்பத் தொட்டா எல்லாம் போச்சு தீதி. நீங்கதான் முடிவு பண்ணணும்," என்றார்.

அவர் கட்டளையிடவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் தடுத்தார் என்று இத்தனை நாளில் ஒரு தடவையாவது சொல்லிக்கொள்ள முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் என்ன நினைத்தேன்? ஐசியுவுக்கு மாற்றுகிறார்கள் என்றால் நன்றாகக் கவனித்துக்கொள்வதற்குத்தான் என்று நினைத்தேன். இருபது நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். திரையைப் பார்த்தேன். ஒரு புள்ளிகூடச் சிவப்பில்லை. அவளுடைய கைபேசியும் திரையில் பச்சையாகத்தான் இருந்தது, ஏனென்றால் அதில் படம் எதுவும் ஓடவில்லை. ஓடாத படம் நிற்பதும் இல்லை.

"ராம்பூர்ஹாட் வரட்டும் கோமதி. கொஞ்சம் பொறு," என்று எழுதி அனுப்பினேன்.

பதில் வந்தது. "சரிக்கா."

பெட்டியின் கோடியில் எங்கள் கருவி இருக்கும் அலமாரியின் சாவி அவளிடம்தான் இருந்தது. நான்கே எட்டில் போய் அதைத் திறந்து கருவியை அணைத்துப் போட்டிருந்தால், அது மறுபடி எழுந்து பழையபடி விதியைப் பிடிப்பதற்குள் அவளுக்குச் சில நிமிடங்கள் கிடைத்திருக்கும். அது அவள் செய்த கருவி, அவளுக்குத் தெரியாதா? அவள் எழுந்திருக்கவில்லை. நான் பொறு என்று சொல்லியிருந்தேன்.

ஏழெட்டு நிமிடம் கழித்து இன்னொரு செய்தி. "அக்கா, மூணு தடவை வந்து வந்து நின்னு போச்சு. குரலும் வரல." அதைப் பார்த்தேன். பொத்தான் அங்கேயேதான் இருந்தது. ஏறக்குறையப் பாதி தூரம் வந்துவிட்டோமே, இப்போது போய்க் கெடுப்பதா என்று தோன்றியது. இப்போது எழுதும்போதும் அந்த எண்ணத்தைப் பார்க்க எனக்குக் கூசுகிறது. பாதி தூரம் வந்துவிட்டோம் என்பது நிறுத்தாமல் இருப்பதற்கு ஒரு காரணமே இல்லை. ஆனால் நெருக்கடியில் அது காரணத்தைப் போலவே வேடம் போட்டுக்கொண்டு வரும். உங்களுக்கும் வரும்.

மூன்றாவது செய்தி வரவில்லை.

பத்தொன்பதாவது நிமிடம் வண்டி ராம்பூர்ஹாட்டை நெருங்கியது. விதி தானாகவே பிடியை விட்டது. திரை முழுக்கப் பச்சை. மூலையில் இருந்த இருவரும் எதையோ குறித்துக்கொண்டார்கள். நான் எழுந்து நடைக்குப் போய்க் கோமதியைக் கூப்பிட்டேன். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாக வந்தது. மறுபடி கூப்பிட்டேன். நான்காவது முறை எடுத்தாள்.

"கோமதி? அப்பா எப்படி இருக்கார்?"

ரயிலின் இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் வந்தது. அழுகை இல்லை. அலுவலகத்தில் அறிக்கை படிக்கும்போது வருமே, அந்தக் குரல்.

"பக்கத்து சீட்டுல ஒருத்தர் காமெடிப் படம் பாத்துட்டிருக்கார் அக்கா. போல்பூர்லேருந்து பாக்கிறார். சிரிச்சிட்டே இருக்கார். படம் ஒரு தடவைகூட நிக்கல."

"அப்பா எப்படிம்மா இருக்கார்?"

"பாபா நேயி அக்கா," என்றாள். அப்பா இல்லை என்பதை அவளால் என்னிடம் தமிழில் சொல்ல முடியவில்லை.

வண்டி அடுத்து நிற்கும் மால்டாவில் அவளை இறங்கச் சொன்னேன். அங்கே எங்கள் பராமரிப்பு ஆள் ஒருவர் இருந்தார். அவரைப் பிடித்துக் கார் ஏற்பாடு செய்து, அவளோடு யாராவது கூடவே வர வேண்டும் என்று சொல்லி, வழியெல்லாம் போன் செய்துகொண்டே இருந்தேன். அன்று முழுக்க நான் ஓடி ஓடி வேலை செய்தேன். அந்தப் பொத்தானை அழுத்தாத கை, மற்ற எல்லாவற்றையும் செய்தது. மாலையில் இருட்டும் முன் அவள் பவானிபூர் வந்து சேர்ந்தாள். அதுவரை எடுக்காமல் காத்திருந்தார்கள்.

அவள் உள்ளே வரும்போது நான் வாசலில் நின்றிருந்தேன். என்னைக் கடந்துதான் போனாள். என்னைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மூன்றாம் நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கடைக்கு மேலேயே வீடு. கோமதி உள்ளறையில் இருந்தாள், வெளியே வரவில்லை. அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நீங்க இல்லன்னா இவ அன்னைக்கு வந்து சேந்திருக்க மாட்டா. காரெல்லாம் நீங்கதான் பாத்துப் பண்ணினீகளாம். ரொம்பப் புண்ணியம்மா."

கோமதி அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் தொடர்ந்து பேசினார். கேட்பவர் இருந்தால் போதும் என்ற நிலை. "காலைல எந்திரிச்சதும் நல்லாத்தான் இருந்தாவ. அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பிச்சிட்டு. நர்ஸ் வந்து ஐசியு போணும்னாவ. கட்டில் வரக் கொஞ்ச நேரம் ஆகும்னாவ. 'கோமுவக் கூப்பிடு, ரயிலுக்குள்ள எப்படி இருக்குன்னு பாப்போம்'னாவ. கூப்பிட்டேன். அவ மொகம் வந்திச்சு. வந்து அப்படியே நின்னுட்டு. நானும் போன மூஞ்சிக்கு நேராப் பிடிச்சிட்டே நின்னேன். கட் ஆயிரும், திரும்பக் கூப்பிடுவேன். திரும்ப மொகம் மட்டும் வரும். அவிய அதையே பாத்துட்டுக் கிடந்தாவ. 'இவ ஏன் பேச மாட்டுக்கா?'ன்னு கேட்டாவ. 'சிக்னல் இல்ல போல, பேசுவா, பொறுங்க'ன்னேன். 'என்மேல கோவமா?'ன்னு கேட்டாவ. கோவமா இருப்பாளாம்மா அவ? நீங்களே சொல்லுங்க."

"இருக்க மாட்டா," என்றேன்.

"அதத்தான் நானும் சொன்னேன். காதுல விழுந்துச்சோ என்னமோ."

அந்த அறையில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சிக்னல் இருந்தது அம்மா, கூரைமேல் வந்துகொண்டுதான் இருந்தது, அதை நாங்கள் படத்துக்குக் கொடுத்துவிட்டோம், உங்கள் பெண் கேட்டாள், நான் தரவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுக் கீழே இறங்கி வந்தேன்.

சோதனை அறிக்கை அடுத்த வாரம் வந்தது. ஒரு முறைகூடப் படம் நிற்கவில்லை, மனிதக் குறுக்கீடு எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தார்கள். வடிவமைத்தவர் என்ற இடத்தில் கோமதியின் பெயர் இருந்தது. குழு பிழைத்தது. கல்யாணம் வைத்திருந்த பையன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நான் ஆசீர்வாதம் செய்தேன். அவன் வேலை தங்கியதில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய். அந்தச் சந்தோஷத்தையும் வைத்துக்கொண்டுதான் நான் இன்றுவரை தூங்கப் பார்க்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்து கோமதி வேலைக்குத் திரும்பினாள். என் மேல் ஒரு சொல் குறை சொல்லவில்லை. இரண்டு வாரம் தலை நிமிராமல் உட்கார்ந்து விதியைத் திருத்தி எழுதினாள். பேசுகிறவர்களுக்கு முதலில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் படத்துக்குக் கொடுக்கும் திருத்தம். நான் ஓட்டிப் பார்த்தேன். போல்பூருக்கு அப்பால் பேச்சு விட்டு விட்டாவது வந்தது. படம் சில இடங்களில் நின்றது.

அதை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். அவர் மேலே கொண்டுபோனார். மேலே இருந்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "நிற்காமல் ஓடுவதை நிற்கும்படி செய்ய வேண்டும் என்கிறீர்களா?" நான் மூன்று கூட்டங்களில் பேசினேன். பேச்சு அறுவதையும் எண்ண வேண்டும், அதற்கும் திரையில் ஒரு நிறம் வேண்டும் என்று கேட்டேன். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு கணக்கு இல்லை என்றார்கள். "இதுக்கு ஏதாவது புகார் வந்திருக்கா தீதி?" என்று மேலாளர் கேட்டார். என் வாயிலிருந்து வந்த அதே கேள்வி. அன்று நடந்ததைக் கூட்டத்தில் சொல்லுங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். சொன்னால் சோதனை நேரத்தில் விலக்குப் பக்கத்தைத் திறந்தது வெளியே வரும், எண்ணைத் தட்டியது வரைக்கும் தோண்டுவார்கள், எல்லோருக்கும் ஆபத்து என்றார். நான் தனியாகவே சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

முதல் தடவை தவறியது பத்தொன்பது நிமிட அவசரத்தில். இரண்டாம் தடவை எனக்கு மாதக்கணக்கில் நேரம் இருந்தது. நெருக்கடியில்தான் மனிதர்கள் தவறிழைப்பார்கள் என்று யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் நம்பாதீர்கள்.

திருத்தத்தை நிராகரித்துக் கடிதம் வந்த அன்று, கோமதி தன் மேசையைக் காலி செய்தாள். அலமாரிச் சாவியை என் முன்னால் வைத்தாள்.

"வேற எங்கயாவது வேலை பாரேன். உன் அறிவுக்கு எங்க வேணா கிடைக்கும்," என்றேன்.

"இல்லக்கா. கடையில அம்மா தனியா இருக்காங்க."

"என்னை ரெண்டு வார்த்தை திட்டிட்டாவது போ கோமதி."

அவள் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். "திட்ட வரலக்கா. உங்களக் குத்தம் சொல்லலாம்னு பாத்தா, விதி நான் எழுதினது. என்னைச் சொல்லலாம்னு பாத்தா, நீங்க பொறுன்னு சொன்னது. எந்தப் பக்கம் போனாலும் பாபா அங்க 'கோவமா?'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கார்," என்றாள்.

அந்த விதி இன்றும் ஓடுகிறது. உங்கள் முன்னால் இருக்கும் திரையில் பச்சையாகத் தெரிவதெல்லாம் அதுதான். இன்று காலைகூடப் போல்பூருக்கு அப்பால் யாரோ ஒருவருடைய முகம் எங்கோ ஒரு கைபேசியில் நின்றுபோயிருக்கும். அது உங்களுக்குத் தெரியாது, தெரிவதற்கு அந்தத் திரையில் வழி இல்லை. விலக்கு வசதியும் அங்கேயேதான் இருக்கிறது, மூன்றாவது பட்டியலின் அடியில். அதை யாரும் பயன்படுத்தியதில்லை என்று கேள்விப்பட்டேன்.

நீங்கள் மாற்றுவீர்கள் என்று முடித்தால் கையேட்டுக்குப் பொருத்தமாக இருக்கும். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. உங்கள் பின்னாலும் ஒரு நல்ல மனிதர் நிற்பார், நீங்கள்தான் முடிவு பண்ண வேண்டும் என்பார். உங்கள் குழுவிலும் யாருக்காவது கல்யாணம் வைத்திருக்கும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பொறு என்று யாருக்காவது எழுதும்போது, யாருடைய நேரத்தை எடுத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று ஒரு தடவை பாருங்கள். பார்த்த பிறகும் அதையே எழுதுவீர்களாக இருக்கும். நான் எழுதினேன்.

கோமதி வேலையை விட்டதிலிருந்து, நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகும்வரை, அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. காப்பிப் பொடியை வேறு இடத்தில் வாங்கிக்கொண்டேன். சென்ற மாதம் பவானிபூரில் ஒரு வேலை இருந்தது. கால் தானாக அந்தத் தெருவுக்குள் திரும்பிவிட்டது. கடையில் நல்ல கூட்டம். கல்லாவில் கோமதி உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். எனக்கு முன்னால் நின்ற தமிழ்க்காரரிடம், "நல்லெண்ணெய் நாளைக்கு வரும் அண்ணாச்சி," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் முறை வந்தது. அரைக் கிலோ காப்பிப் பொடி கேட்டேன், தமிழில்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. பொடியை நிறுத்து, உறையை மடித்து, ரப்பர் போட்டு என் பக்கம் நகர்த்தினாள்.

"ஆர் கிச்சு லாக்பே?" என்றாள். வேறு ஏதாவது வேண்டுமா என்று, தெரியாத வாடிக்கையாளரிடம் கேட்கும் மரியாதையான வங்காளத்தில்.

இல்லை என்று தலையாட்டினேன். அவள் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள்.